நின்று போகும் மோட்டார்

நமது வீட்டு மோட்டார் வண்டியைப் பற்றி இந்தப் பகுதியில் ஒரு தடவையாவது எழுத வேண்டுமென்று நேயர்கள் சிலர் கேட்டதுண்டு. நாம் இதுவரையில் தட்டிக் கழித்து வந்தோம். காரணம் வெட்கந்தான். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கிற உபாத்தியாயரின் வண்டி சந்திக்குச் சந்தி நின்று போகிறது என்பதை அச்சில் ஏற்றுவது அவருடைய தொழிலுக்கு அழகல்ல. ஆனால் சென்ற மாதம் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, வெட்கத்தைப் பார்த்துக் கொண்டிருப்பது சரியல்ல என்று தோன்றிவிட்டது.

வண்டி பிரீமியர் பத்மினி. நம் தகப்பனார் 1986-ஆம் ஆண்டில் வாங்கியது. இத்தாலி தேசத்து பியட் 1100 வண்டியை அக்காலத்துப் பம்பாயில் குர்லா என்னுமிடத்தில் செய்து வந்தார்கள். 1974-ஆம் ஆண்டு முதல் அதற்குப் பத்மினி என்று பெயர். எஞ்சினின் கொள்ளளவு 1,089 கன சென்டிமீட்டர். அதன் உற்பத்தி நின்று இருபது வருஷங்களுக்கு மேலாகிறது. மும்பை நகரில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிக்கொண்டிருந்த பத்மினி டாக்ஸிகளுக்குக்கூட, 20 வருஷ வயது வரம்பின்படி, 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தோடு ஓய்வு கொடுத்தாயிற்று. நம்முடையதற்கு ஓய்வு கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. தகப்பனார் காலமாகிப் பதினொரு வருஷமாகிறது. அவர் ஓட்ட, பக்கத்து ஸீட்டில் நம் தாயார் மடியில் பழக்கூடையுடன் அமர்ந்து திருச்செந்தூர் போய் வந்த வண்டி அது. அந்த ஸீட்டில் இன்றும் வேறு யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தாலும் அம்மாள் வந்தவுடன் எழுந்து பின்னால் போய்விடுவார்கள்.

தாயாருக்கு வயது எழுபத்தாறு. கண்ணில் புரை எடுத்திருந்தது. டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி காட்டுவதற்காக நாம் அழைத்துச் சென்று கொண்டிருந்தோம். வழியில் திருச்செந்தூர் ரயில் பாதையைக் கடக்க வேண்டும். கேட் மூடியிருந்தது. வண்டிக்கு அப்போதே மூன்று மாதமாக ஒரு வியாதி: சாலையில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால், இரண்டு இருமல் இருமிவிட்டு நின்று போகும். ஆகவே பாதத்தின் முன் பகுதியால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே காலத்தில் மிதிக்கும் ஒரு வித்தையை நாம் கற்று வைத்திருந்தோம். அதைப் பற்றி உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கேட் திறந்தது. இரு பக்கத்து வண்டிகளும் நம் நாட்டு வழக்கப்படி ஏககாலத்தில் புறப்பட்டன. தண்டவாளத்தின் நடுவில் ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. வித்தை தவறியது. எஞ்சின் நின்றது.

ரயில் கேட் திறந்திருக்கும் வரையில் சிக்னல் கிடைக்காதபடி இணைத்து வைத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். வகுப்பிலே சொல்லியும் இருக்கிறோம். ஆனால் தண்டவாளத்தின் மீது நிற்கிறவனுக்கு அந்த ஞானத்தால் அரைக்காசு பிரயோஜனமில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தினோம், பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரையும் நாலைந்து தடவை உதைத்தோம். பெட்ரோல் வாசனைதான் வந்தது. பின்னால் ஹாரன்களின் கச்சேரி. கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்த அம்மாள், "எய்யா, எங்கே நிக்கிறோம்?" என்றார். "கேட்டுக்குப் பக்கத்தில்" என்றோம். நாலு வாலிபர்கள் ஓடிவந்து தள்ளி அப்பால் சேர்த்தார்கள். நாம் சொன்ன பொய், மறுநாளே ஒரு பால்காரரின் உபயத்தால் வெளிப்பட்டது. அம்மாள் கோபிக்கவில்லை. "அடுத்த தடவை ஆட்டோவிலே போய்க்கிடுதேன். உனக்கு எதுக்குச் சிரமம்?" என்றார். அவ்வளவுதான். கோபித்திருந்தால் தேவலை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்படி எசகு பிசகான இடத்தில் வண்டி நின்றுவிட்டால் முதலில் உள்ளே இருப்பவர்களை இறக்கிவிடுவதுதான் முறை. கேட் காவலருக்குச் செய்தி சொல்ல ஒருவரை அனுப்ப வேண்டும். பிறகு, பழைய காலத்து வண்டியானால், முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் பற்றாவிட்டாலும் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நத்தை போல நாலைந்து கஜம் இழுத்துச் சென்றுவிடும். பாட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் அது நல்லதல்லதான்; ஆனால் தண்டவாளத்தின் மேல் நிற்பதைக் காட்டிலும் நல்லது. மின்சார மோட்டாரின் தத்துவத்தை இருபது வருஷமாகப் போதிக்கும் நமக்கு, அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஓடும்போது குறையில்லாத வண்டி நிற்கும்போது மட்டும் ஏன் அணைந்து போகிறது? அரிக்கேன் விளக்கை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். திரியை உயர்த்தி வைத்தால் சிறு காற்றை அது லட்சியம் செய்யாது. இரவில் படுக்கப் போகும்போது திரியைத் தாழ்த்தி வைத்தால், ஈ பறந்தாலும் துடிக்கும். எஞ்சினும் அப்படித்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஓட்டும்போது கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் பாய்கிறது. அந்த வேகம் உண்டாக்கும் உறிஞ்சலால் பெட்ரோல் பெரிய ஜெட்டிலிருந்து தாராளமாக வருகிறது. காலை எடுத்தவுடன் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. கழுத்தில் காற்றின் வேகம் இல்லை. பெரிய ஜெட்டிலிருந்து ஒரு சொட்டும் வராது. அந்த நேரத்தில் எஞ்சினின் ஜீவனத்துக்காகவே தனியாக ஒரு சின்னஞ்சிறு வழி வைத்திருக்கிறார்கள். குண்டூசி முனையைவிடச் சிறிய துவாரமுள்ள ஒரு ஜெட், அதிலிருந்து ஒரு நுண்ணிய கால்வாய், த்ராட்டில் தகட்டுக்குக் கீழே ஒரு வாய், அந்த வாயைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. மெக்கானிக்குகள் இந்த ஜெட்டை ஸ்லோ ஜெட் என்பார்கள். நிமிஷத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுக்கள் சுற்றும்போது எஞ்சின் உயிர் வாழ்வது இந்தக் கஞ்சித் தண்ணீரில்தான். அதில் ஒரு தூசி விழுந்தாலும், வேண்டாத இடத்தில் ஒரு மயிரிழைக் காற்றுப் புகுந்தாலும், பொறி கொஞ்சம் பலவீனமானாலும் தாங்காது. சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இவை எவையும் வெளியே தெரியா.

இவ்வளவு தெரிந்தவர் ஏன் மூன்று மாதம் சும்மா இருந்தீர் என்று கேட்பீர்கள். சும்மா இருக்கவில்லை. மூன்று பட்டறைகளுக்குப் போனோம். முதல் பட்டறையில், த்ராட்டில் தகட்டைத் தாங்கி நிற்கும் திருகை ஒரு சுற்று உள்ளே முடுக்கி, எஞ்சினை உறுமும்படி செய்து, "சரியாயிட்டு சார்" என்றார்கள். காய்ச்சல்காரனுக்கு வெயிலில் ஓடச்சொல்லி வைத்தியம் செய்த மாதிரி. நாலு நாளில் பழைய கதை. இரண்டாவது பட்டறையில் கார்புரேட்டரையே கழற்றி, காற்றடித்துச் சுத்தம் செய்து, இறுக்கிப் பூட்டினார்கள். இது அற்புதமாக வேலை செய்தது, சரியாக இரண்டு நாள். (இந்த இரண்டு நாளை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.) மூன்றாவது பட்டறைக்காரர் வண்டியின் மூடியைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டு, "புதுக் கார்புரேட்டர் போட்டிருங்க, நாலாயிரத்துச் சொச்சம் ஆகும்" என்றார். "போட்டால் சரியாகிவிடுமா?" என்றோம். "பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலா'முக்கு நாலாயிரம் கொடுக்க நமக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் நாமே ஒரு காரியம் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் திருப்புளியுடன், மேற்படி கலவைத் திருகைத் திருப்பிப் பார்த்தோம். முதலில் எத்தனை சுற்றில் இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. உள்ளே முடுக்கினால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக, முடிந்த மட்டும் முடுக்கினோம். அந்தத் திருகின் முனை ஊசி போலக் கூர்மையானது. அதை இறுக்கினால் முனையில் வளையம் போலப் பள்ளம் விழுந்துவிடும். பிறகு அது எந்த அளவிலும் சரியாக நிற்காது. இது நமக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. பள்ளிக்கூடத்தில் நுண்திருகு அளவுகோலைப் பையன்கள் இறுக்கினால் நாம் எவ்வளவு சத்தம் போடுவோம் என்பதை அந்தப் பையன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கேட் சம்பவத்துக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, அடுத்த தெரு அண்ணாச்சியிடம் போனோம். சர்க்கார் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். போட்டால் தெருவிலுள்ள வண்டிகளெல்லாம் தம் வாசலுக்கு வந்துவிடும் என்று பயம். அவர் வண்டியைப் பார்க்க வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே, நாடி பார்ப்பதற்கு முன் வைத்தியர் கேட்பது போலக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நிக்கும்போது சுவிட்சை அணைச்ச மாதிரி பொட்டென்று நிக்குதா, திணறித் திணறி நிக்குதா?"

திணறித்தான் என்றோம். பொட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கத்துக் கோளாறு. பாயிண்ட், கண்டென்சர், காயில், தளர்ந்த ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். திணறி நின்றால் பெட்ரோல் அல்லது காற்று.

"பச்சை எஞ்சினிலா, சூடான பிறகா?" இரண்டிலும், சூடான பிறகு அதிகம் என்றோம். சூடேறி நின்று, இருபது நிமிஷம் ஆறினால் தானாகக் கிளம்புமானால், பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம்; கோடையில் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றினால் அது தெரிந்துவிடும். நம்முடையது அப்படி ஆற வேண்டியதில்லை. காலால் உதைத்துக் குழப்பாதவரையில் உடனே கிளம்பும். "பிரேக் போட்டால் மட்டுமா, சும்மா நின்றாலுமா?" சும்மா நின்றாலும். பிரேக் போடும்போது மட்டும் நிற்குமானால், மிதவை அறையில் பெட்ரோல் மட்டம் அதிகமாகி, முன்னால் அலைந்து வழிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். "கறுப்புப் புகை?" இல்லை. "தூரம் போன பிறகு நின்று, டாங்கி மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்குதா?" இல்லை. இது மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டால் வரும் வியாதியாம்.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. "நின்னுக்கிட்டிருக்கும்போது சோக்கை அரை அங்குலம் இழுத்துப் பார்த்தீங்களா, வாத்தியாரய்யா?" பார்த்ததில்லை. உடனே போய்ப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். சோக்கைக் கொஞ்சம் இழுத்தவுடன் எஞ்சின், அழுத குழந்தையின் வாயில் பாலாடையை வைத்தது போல அமைதியாயிற்று. ஓடி வந்து சொன்னோம். அண்ணாச்சி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "காத்து இழுக்குது, இல்லாவிட்டால் ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கு. காலையிலே வாரேன்" என்றார். சோக்கை இழுத்தால் கலவையில் பெட்ரோல் அதிகமாகிறது. அதனால் குணம் தெரிந்தால் எஞ்சின் பெட்ரோலுக்கு ஏங்குகிறது என்று பொருள். அதனால் நோய் அதிகமானால், ஏற்கெனவே அஜீர்ணம் என்று பொருள். இவ்வளவு எளிய பரீட்சையை மூன்று பட்டறைகளில் ஒன்றிலாவது செய்தார்களா என்றால் இல்லை. பௌதிக உபாத்தியாயரும் செய்யவில்லை.

மறுநாள் காலையில் வந்தவர் கார்புரேட்டரின் பக்கமே போகவில்லை. முதலில் பிளக்குகள். நாலையும் கழற்றி வரிசையாக ஒரு பலகையில் வைத்துப் பார்த்தார். சாம்பல் கலந்த வெளுப்பு. அதுவும் பெட்ரோல் போதாத குறிதான். இடைவெளியை 0.6 மில்லிமீட்டருக்குச் சரி செய்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டுகளைப் பார்த்தார். ஒன்றில் மேடும் மற்றதில் குழியுமாக இருந்தன. "கண்டென்சர் வயசாயிட்டு" என்று இரண்டையும் மாற்றி, பீலர் கேஜை நுழைத்து 0.4 மில்லிமீட்டர் அளவில் நிறுத்தினார். கார்புரேட்டர் என்று பழி சுமக்கும் கோளாறுகளில் பாதி பாயிண்டிலே இருக்கும். இதைச் சரி செய்யாமல் அதைத் தொட்டால் இரண்டும் கெடும் என்பது அவருடைய சித்தாந்தம். இந்த வேலையால் வண்டி கொஞ்சம் தேறியது. ஆனால் நின்று போவது நிற்கவில்லை.

பிறகு நம் வீட்டுத் தையல் யந்திரத்தின் எண்ணெய்க் குப்பியைக் கேட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் அடிப்பாகத்தில், பாக்கிங் தெரியும் விளிம்பு நெடுகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டே போனார். முன்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் ஒன்றுமில்லை. பின்பக்கத்து மூலையில் எண்ணெய் விழுந்த க்ஷணத்தில் சொட்டு மாயமாய் உள்ளே போயிற்று. எஞ்சினின் தொனி மாறி, மூன்று விநாடி சீராக ஓடி, மறுபடி திணற ஆரம்பித்தது. அண்ணாச்சி நிமிர்ந்து நம்மைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோய் இருந்த இடம் அதுதான். த்ராட்டில் தண்டு இரு பக்கமும் வெளியே வரும் துவாரங்களிலும் சொட்டு விட்டார். அங்கேயும் இடப் பக்கத்தில் லேசான மாறுதல் இருந்தது.

இந்தச் சோதனையைச் சிலர் பெட்ரோலை வைத்துச் செய்வதுண்டு. சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் தெளிப்பது தற்கொலைக்குச் சமானம். எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ போதும். அன்றியும், மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இந்த வேலை செய்யலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தோளில் துண்டு போட்டுக்கொண்டு குனியவும் கூடாது. அண்ணாச்சி இதை எச்சரித்த ஐந்தாவது நிமிஷத்தில் நம் துண்டின் ஒரு முனையை விசிறி பற்றிக்கொண்டு, கிழித்த பின்பு விட்டது. துண்டோடு போயிற்று.

கார்புரேட்டரைக் கழற்றினார். அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பழைய பாக்கிங்குகள். நடுவில் யாரோ தடவிய பசை கருகிக் கிடந்தது. சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு, "சமமான கண்ணாடி ஒண்ணு வேணும், தடிப்பாக இருக்கணும்" என்றார். கூடத்து அலமாரியின் நகரும் கண்ணாடிக் கதவுகளில் ஒன்றை நாம் மெதுவாக எடுத்து வந்தோம். கார்புரேட்டரின் அடிப்பாகத்தை அதன்மேல் நிறுத்தினார். அது கால் குட்டையான நாற்காலியைப் போல ஆடிற்று. அதாவது, இரண்டு நட்டுகளை ஆண்டாண்டு காலமாக ஆளுக்கு ஆள் பலத்தைக் காட்டி இறுக்கியதில், அந்த மெல்லிய உலோகம் இரு காதுகளிலும் கீழே வளைந்து, நடுவில் தூக்கிக்கொண்டுவிட்டது.

இரண்டாவது பட்டறையில் இரண்டு நாள் மட்டும் குணமானதன் ரகசியம் இப்போது விளங்கிற்று. அவர்கள் சுத்தம் செய்ததனால் குணமாகவில்லை. இறுக்கியதனால் சந்து தற்காலிகமாக மூடிக்கொண்டது. அந்த இறுக்கலே உலோகத்தை இன்னும் கொஞ்சம் வளைத்தது. சூட்டில் பாக்கிங் அமுங்கியதும் முன்னைவிடப் பெரிய சந்து திறந்துகொண்டது. நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் நோயை மருந்தாகக் கொடுத்துவிட்டார்கள்.

கண்ணாடியின் மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, அதன்மேல் கார்புரேட்டரின் அடிப்பாகத்தை எட்டு என்ற எண்ணைப் போலச் சுழற்றிச் சுழற்றித் தேய்க்கலானார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திருப்பிப் பார்ப்பார். முதலில் இரு காதுகளில் மட்டும் வெள்ளி போல மின்னிற்று. பிறகு மினுக்கு உள்ளே நகர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து முழுவதும் ஒரே நிறமாயிற்று. நாமும் கொஞ்சம் தேய்த்தோம். "அமுக்காதீங்க, அதுபாட்டுக்குப் போகட்டும்" என்றார். இடையிடையே துகளைக் கழுவிவிட வேண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பேசியதெல்லாம் டிப்போவில் இருந்த ஒரு பஸ்ஸைப் பற்றித்தான்; அது ஒரு தனிக் கதை, இங்கே இடமில்லை.

ஸ்லோ ஜெட்டையும் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். துவாரம் தெளிவாக இருந்தது. அதைச் சுத்தம் செய்யக் கம்பியை நுழைக்கக் கூடாது. நுழைத்தால் துவாரம் பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும் என்றார். பள்ளம் விழுந்த கலவைத் திருகைப் பார்த்து, "இதை யார் இப்படி முடுக்கினது?" என்றார். மூன்று பட்டறைகள் இருந்தன. பழியை எதன் மேல் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். நாம்தான் என்று ஒப்புக்கொண்டோம். அவர் தம் தகர டப்பாவில் தேடி, ஒரு பழைய கார்புரேட்டரின் திருகை எடுத்துப் போட்டார்.

பெட்ரோல் குழாயில் ரப்பர் துண்டு ஒன்று விரலால் நசுக்கியதும் விண்டுபோயிற்று. இதைப் பற்றிப் பழைய வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டும். நம் தேசத்தில் இப்போது விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டில் இந்த அளவு எட்டப்பட்டது. பழைய காலத்து ரப்பருக்கு எத்தனால் ஒத்துக்கொள்ளாது. சில ரப்பர் உப்பும், சில வெடிக்கும். பம்பின் உள்ளே இருக்கும் டயாபிரமும் இதற்கு விலக்கல்ல. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகையால் வாரக்கணக்கில் ஷெட்டில் தூங்கும் வண்டியின் டாங்கியில் பழைய பெட்ரோலை நிரப்பி வைத்திருப்பது நல்லதல்ல. இன்னொரு விஷயம்: எத்தனாலிலேயே பிராணவாயு இருப்பதால், பழைய அளவில் வைத்த கலவை சற்று வறண்டு போகும். சாதாரணமாக இதனால் மட்டும் வண்டி நிற்காது. ஆனால் நம்முடையதைப் போல வேறு வழியிலும் காற்று இழுக்கும் வண்டியில், ஏற்கெனவே நீர்த்த கஞ்சியில் இன்னொரு செம்பு தண்ணீர் விட்ட மாதிரி ஆகிவிடுகிறது. குழாய்களை இந்தக் காலத்துப் பெட்ரோலுக்குத் தகுந்த ரகமாக மாற்றினோம்.

புதிய பாக்கிங் ஒன்று, ஒன்றே ஒன்று, பசையில்லாமல் வைத்து, இரு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சங் கொஞ்சமாக இறுக்கினார். சிறிய ஸ்பானர், அதையும் விரல் நுனியால் பிடித்தார். கலவைத் திருகை மெதுவாக உள்ளே தொடும்வரை விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். நன்றாகச் சூடேறும் வரையில் காத்திருந்து, சோக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கலவைத் திருகை எஞ்சின் தடுமாறும் வரையில் உள்ளே, பிறகு மிகச் சீராக ஓடும் வரையில் வெளியே திருப்பினார். வேகம் ஏறியது. த்ராட்டில் திருகைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்தார். மறுபடி கலவை, மறுபடி வேகம். மூன்று சுற்று இப்படி. கடைசியில் கலவையைக் கால் சுற்றுக்கும் குறைவாக உள்ளே விட்டார். காதுக்கு இனிமையாக இருக்கிறதென்று பெட்ரோலை அதிகமாக வைத்துவிட்டால் புகைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வோம். பெட்ரோல் வண்டிகளுக்கு அந்தப் பரிசோதனை எஞ்சின் சும்மா நின்று ஓடும்போதுதான் நடக்கிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சுக்கு முன் செய்த மோட்டார்களுக்குக் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 3 பங்குக்கு மேற்படக் கூடாது.

த்ராட்டில் தண்டின் துவாரம் தேய்ந்திருப்பதை அவர் சரி செய்யவில்லை. அதற்கு லேத்தில் கொடுத்துப் புஷ் போட வேண்டும். இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தாங்கும், அப்புறம் பார்க்கலாம் என்றார். இந்தப் 'பார்க்கலாம்' நமக்கு வேறு விதமாகக் கேட்டது. கூலி வாங்கிக்கொள்ள மறுத்தார். பாயிண்டும் கண்டென்சரும் பாக்கிங்கும் குழாயுமாகச் செலவு ஆயிரத்துக்குள் அடங்கியது.

அம்மாளை ஆட்டோவிலிருந்து மீட்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அடுத்த கண் பரிசோதனைக்கு முதல் நாள் இரவு, கேட்டில் நடந்ததை உள்ளபடி சொன்னோம். தண்டவாளத்தின் மேல்தான் நின்றோம், பயந்து போய்ப் பொய் சொன்னோம் என்றோம். "எனக்கு அப்பவே தெரியும். கல்லு மேலே சக்கரம் ஏறினது தெரியாதா?" என்றார். காலையில் அவரே வந்து முன் ஸீட்டில் உட்கார்ந்தார்.

கேட் மூடியிருந்தது. பாசஞ்சர் வர நேரமாயிற்று. நாம் வேண்டுமென்றே எஞ்சினை அணைக்காமல், இரண்டு கால்களையும் மிதிகளிலிருந்து எடுத்து, வேட்டியைச் சரி செய்வது போல மடக்கி வைத்துக்கொண்டோம். வண்டி லேசாக நடுங்கியபடி ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பது நிமிஷம். ரயில் போயிற்று. கேட் திறந்தது. நம் கண் வேறெங்கும் போகவில்லை. அப்பால் வந்து வெகு தூரம் போன பிறகு அம்மாள் வாயைத் திறந்தார்.

"அலமாரிக் கண்ணாடி ஒரு பக்கம் காணோமே, எங்கேய்யா?" என்றார்.

நமது இல்லத்தரசியாரும் இதே கேள்வியை இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எமரித் தாள் விளிம்பு தாண்டிய இடங்களில் கண்ணாடியெங்கும் எட்டு எட்டாகக் கீறல். கடைக்காரரிடம் அளவு கொடுத்திருக்கிறோம்.